மலையில் அதற்குப் பெயர் மருந்து மயக்கம்

போடிக்குப் போகிறேன் என்றதும் வேலை பார்க்கும் இடத்தில் ஆளாளுக்கு ஏலக்காய் வாங்கி வரச் சொன்னார்கள். பெரிய காயாக, பச்சை மாறாமல், நூறு கிராம் போதும் என்றாள் ஒருத்தி. பாயசத்துக்கு வெடித்த காய் மலிவாகக் கிடைக்குமாமே என்றாள் இன்னொருத்தி. எதற்காகப் போகிறாய் என்று யாரும் கேட்கவில்லை. நல்லவேளை. என் அண்ணன் தள்ளாடுகிறான், அவன் மூளையைப் படம் எடுக்கப் போகிறேன், அதைப் பார்த்தால் என் தலைக்குள் இருப்பதும் பாதி தெரிந்துவிடும் என்று எப்படிச் சொல்வது?

நான் ஒரு ஸ்கேன் சென்டரில் எம்.ஆர்.ஐ. டெக்னீஷியன். வாழ்க்கையில் நான் அதிகமாகச் சொல்லியிருப்பது ‘அசையாம படுங்க’ என்பதைத்தான். என் மகளைக் கொஞ்சியதைவிட அதைத்தான் அதிகம் சொல்லியிருப்பேன். சென்னையில் பாதிப் பேரின் தலையை அப்பளம் அப்பளமாகப் படம் எடுத்துப் பார்த்துவிட்டேன். என் தலையை மட்டும் அந்தக் குழாய்க்குள் விட்டதில்லை.

எங்கள் அப்பா போடியில் ஏலக்காய் குடோனில் மூட்டை தூக்கியவர். நாற்பது வயதைத் தாண்டியதும் காலை அகட்டி வைத்து நடக்க ஆரம்பித்தார். நாக்கு தடித்தது போலப் பேசினார். ஒரு சொட்டுக் குடித்தவரில்லை. ஆனால் ஊர் அவருக்குக் குடிகாரன் என்று பேர் வைத்து, அந்தப் பேரோடேயே கொண்டுபோய் எரித்தது. நான் செங்கல்பட்டில் அத்தை வீட்டில் வளர்ந்தவள், லீவுக்கு வரும்போதுதான் அப்பாவைப் பார்ப்பேன். அண்ணன் செல்லப்பாண்டிதான் அப்பா கூடவே இருந்தான். இப்போது மலையில் ஒரு ஏல எஸ்டேட்டில் வேலை.

போன மாதம் மதினி பேச்சியம்மாள் போன் செய்தார். “அவரு மருந்தடிக்கப் போறதில்ல வளரு. மருந்து ஏறிருச்சு. கிறுகிறுன்னு வருதுன்னு ஸ்டோர்ல ஒக்கார வச்சிருக்காக. தெளிஞ்சிரும்ங்கிறாக” என்றார். ஏலச் செடிக்குப் பூச்சி மருந்து அடித்து அடித்து, அந்த நெடியில் தலை சுற்றுவது மலையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஒருவன் தள்ளாடினால் அங்கே குடித்திருக்கிறான் என்று சொல்வதற்கு முன்னால் ‘மருந்து ஏறிருச்சு’ என்பார்கள். “எப்பலருந்து மதினி?” என்று கேட்டேன். “அது ஆச்சு, ரெண்டு வருசம்” என்றார். மருந்து மயக்கம் ரெண்டு வருசம் இருக்காது.

எங்கள் சென்டருக்கு வரும் நரம்பு டாக்டரிடம் அப்பாவின் நடையை நடந்து காட்டினேன். வம்சத்தில் இறங்கி வரும் தள்ளாட்ட நோயாக இருக்கலாம் என்றார். சிறுமூளையும் அதற்குப் போகிற நரம்புக் கற்றைகளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து போகிற வியாதி. பெற்றவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அண்ணனுக்கும் எனக்கும் சேர்த்தே ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார். முதலில் அண்ணன், அவனுக்கு ஒன்றும் இல்லை என்றால் எனக்கு எதற்கு என்று நானாக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். பாதிக்குப் பாதி என்பது அப்படி வேலை செய்யாது என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பைத்தியம் பிடித்துக்கொண்டது. எங்கே கோடு கண்டாலும் அதன் மேல் குதிகாலை விரலோடு ஒட்டி ஒட்டி நடந்து பார்ப்பேன். ஆள் இல்லாத நேரத்தில் விரலை நீட்டி மூக்கைத் தொட்டுப் பார்ப்பேன். என் மகள் யாழினி சைக்கிள் பழகி விழுந்தால், முட்டியில் மருந்து போடுவதற்கு முன் அவளை ஒற்றைக் காலில் நிற்கச் சொல்வேன். போடி ரயில் நிலையத்தில் இறங்கியதும் மஞ்சள் கோட்டின் மேல் அப்படி நடந்தேன். டீ கேனோடு வந்த ஒருவர் கூடவே குனிந்து பார்த்து, “என்னத்தக்கா தொலைச்சீக? நானும் தேடுறேன்” என்றார். தோடு என்று சொல்லிவைத்தேன். பாவம், மனிதர் கொஞ்ச நேரம் தேடினார்.

போடியில் காலைக் காற்றே ஏலக்காய் மணக்கும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். உண்மைதான். மணக்கும் கடையில் உட்கார்ந்து ஏலக்காய் டீ கேட்டால் மட்டும் கிடைக்காது. “அதெல்லாம் மெட்ராசுக்காரக குடிக்கிறது. இஞ்சி தட்டிப் போடவா?” என்றார் கடைக்காரர். இட்லிக்கு ஊற்றிய சாம்பாரில் முருங்கைக்காய் தாராளமாகக் கிடந்தது. எங்கள் தெரு ஓட்டலில் முருங்கைக்காய் சாம்பார் என்றால் காய் வந்து போன அடையாளம்தான் இருக்கும். ஆனாலும் எனக்கு இரண்டாவது இட்லி இறங்கவில்லை.

மலைக்குப் போகிற ஜீப்பில் சிலமலை கிராமத்திலிருந்து ஏலக்காய் பறிக்கப் போகிற பெண்கள் ஏற்கனவே நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். சென்னை ஷேர் ஆட்டோவை இனி நான் குறை சொல்ல மாட்டேன். என் மடியில் ஒரு தூக்குச்சட்டி, தோளில் யாரோ ஒருவரின் தலை. நான் என்ன சோலி பார்க்கிறேன் என்று பக்கத்தில் இருந்த அம்மாள் கேட்டார். மண்டைக்குள்ளே இருப்பதைப் படம் பிடிக்கிற வேலை என்றேன்.

“இந்தா பாருங்கடி, பொட்டிபுரத்துல மலையைக் கொடஞ்சு உள்ள என்னமோ பாக்கப் போறோம்னானுக. இவ மண்டையைக் கொடஞ்சு பாக்குறாளாம்” என்று அவர் நியூட்ரினோ ஆய்வுக்கூடத்தைச் சொல்லி அறிவித்ததும் ஜீப்பே சிரித்தது.

“கொடைய மாட்டோம்மா, வெளிய இருந்தேதான்” என்றேன்.

“உள்ள இருக்கிறது தெரிஞ்சா சரி பண்ணிருவீகளா?” என்று கேட்டார். தூக்குச்சட்டியைச் சரியாகப் பிடித்துக்கொள்வது போல நான் குனிந்துகொண்டேன்.

பாதி மலையில் ஒரு லாரி வளைவில் முக்கால்வாசி திரும்பி நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கினோம். கீழே போடி வெயிலில் வெள்ளையாகக் கிடந்தது. அந்த உயரத்தில் விளிம்புச் சுவருக்குப் பக்கத்தில் நின்றபோது எனக்கு லேசாகத் தலை சுற்றியது. இது மலையா, வயிற்றில் ஒன்றும் இல்லாததாலா, அப்பாவா என்று மூன்று கேள்வியும் ஒன்றாக வந்தன. சுவரைப் பிடித்தபடி விரலால் மூக்கைத் தொட்டுப் பார்த்தேன். தொட்டது. மறுபடியும் தொட்டேன். “சளி பிடிச்சிருக்கா ஆத்தா? மேல போனதும் கட்டஞ்சாயா குடி, கேட்டுரும்” என்றார் தூக்குச்சட்டி அம்மாள்.

கேரள எல்லை தாண்டிப் பூப்பாறைப் பக்கம் போனதும் பாஷையே கலங்கிவிடுகிறது. கடைக்காரர் “சேச்சிக்கு கட்டனா, பாலா?” என்று கேட்க, என்னோடு வந்தவர்கள் “வெரசாக் கொண்டாங்க சேட்டா” என்று தமிழில் விரட்டினார்கள். மரச்சீனிக்கிழங்கை அவித்துக் காந்தாரி மிளகாய் அரைத்த சம்மந்தித் துவையலோடு வைத்தார்கள். காரம் கண்ணில் நீர் வரவழைத்தது. அழுவதற்கு ஒரு சாக்குக் கிடைத்ததில் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகவே இருந்தது.

அண்ணன் மதினியோடு எஸ்டேட் வாசலுக்கே வந்திருந்தான். கையில் ஒரு கம்பு. முகம் இளைத்திருந்தது, சிரிப்பு அப்படியே இருந்தது. அதற்கு மேல் முகத்தைப் பார்க்காமல் அவன் காலைத்தான் பார்த்தேன். தொழில் புத்தி. வேலையாட்கள் குடியிருக்கும் லயத்து வீட்டுக்குப் போகிற பாதை ஏலச் செடிகளுக்கு நடுவே செங்குத்தாக இறங்கியது. அவன் ஒரு கையால் கம்பை ஊன்றியும், மறு கையால் செடிகளின் ஆளுயரத் தட்டைகளை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டும் சாதாரணமாக இறங்கினான். எனக்கு நெஞ்சு லேசானது. இவனுக்கு ஒன்றுமில்லை, மருந்துதான் என்று நினைத்தேன். என் கூடப் பிறந்தவன் உடம்பில் விஷம் ஏறியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்ட ஒரே தங்கை நானாகத்தான் இருப்பேன். வெட்கமாக இருந்தது. ஆனாலும் வேண்டிக்கொண்டேன்.

அந்த நினைப்பிலேயே ஈரச் சருகில் கால் வைத்து வழுக்கி உட்கார்ந்தேன். எழுந்து இன்னும் கொஞ்சம் இறங்கி மறுபடி உட்கார்ந்தேன். பின்னால் வந்த மதினி விழுந்து விழுந்து சிரித்தார். “ஸ்கேன் எடுக்க வேண்டியது அவருக்கா ஒனக்கா? அவரு நல்லாத்தான நடக்காரு, நீயில்ல ஆடுற!” என்றார். நானும் சிரித்தேன்.

ஸ்டோர் என்பது பறித்த காயை உலர்த்துகிற கட்டடம். விறகு அடுப்பின் சூடு குழாய் வழியாகப் போய்த் தட்டுத் தட்டாகப் பரப்பிய காயை உலர்த்தும். அண்ணனுக்கு இப்போது விறகு பார்த்துக்கொள்கிற வேலை. உள்ளே சமதளமான சிமெண்டுத் தரை. பிடித்துக்கொள்ளத் தட்டை இல்லை. வாசலில் கம்பைச் சாத்திவிட்டு அவன் அடுப்பை நோக்கி நடந்தான். கால்கள் தானாக அகன்றன. கை இரண்டும் பக்கவாட்டில் எதையோ தேடின. அந்த நடையை எனக்குத் தெரியும். சரிவில் எல்லோருமே கம்பு ஊன்றி, செடியைப் பிடித்து நடக்கிறார்கள். அதனால் மலை அவனை இவ்வளவு நாளும் காட்டிக்கொடுக்கவில்லை.

மாலையில் ஸ்டோர் வாசலில் உட்கார்ந்து அவனுக்கு விளக்கினேன். மேலே தொட்டியிலிருந்து சரிவு முழுக்கக் கறுப்பு ஓஸ் போட்டு மருந்து அடிக்கிறார்கள் அல்லவா, மூளைக்குள்ளும் அப்படித்தான். யோசிக்கிற பகுதி தொட்டி மாதிரி. அங்கிருந்து சேதி கொண்டு போகிற வெள்ளை நரம்புக் கற்றைகள் ஓஸ் மாதிரி. ஓஸ் நைந்தால் கடைசிச் செடிக்கு மருந்து போகாது, கால் சொன்னபடி கேட்காது. வெள்ளைப் பகுதி நைந்திருக்கிறதா என்று அந்தப் படத்தில் பார்க்கலாம் என்றேன்.

அண்ணன் கவனமாகக் கேட்டான். “ஓஸு கிழிஞ்சா நாங்க டியூப் சுத்திக் கட்டிருவோம். அது மாதிரி…” என்று ஆரம்பித்தவன், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினான். பிறகு, “சரி, வர்றேன். ஆனா நீயும் படுக்கணும்” என்றான்.

“எனக்கு எதுக்குண்ணே?”

“நீயும் அந்த அப்பனுக்குப் பெறந்தவதான? என்னைய மட்டும் பாத்துட்டுப் போலாம்னு வந்தியாக்கும்? நீ படுத்தா நான் படுக்குறேன்.” சரி என்று தலையாட்டினேன். கீழே போன பிறகு ஏதாவது சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் என்பதுதான் என் எண்ணம்.

மறுநாள் காலை தேனியில் ஸ்கேன் எடுக்க இரண்டு பேரும் இறங்கினோம். கம்பை வேண்டாம் என்று மலையிலேயே வைத்துவிட்டு வந்தான். டவுனில் கம்போடு நடந்தால் கிழவன் என்பார்களாம். போடி பஸ் நிலையத்தில் தேனி பஸ்சை நோக்கி நடக்கும்போது, அந்த அகலமான சமதரையில், பிடிக்க ஒன்றும் இல்லாமல் அவன் ஒரு பக்கமாகச் சாய்ந்து கொய்யாப்பழத் தள்ளுவண்டியில் மோதினான். பழங்கள் உருண்டன. “வெள்ளனயே ஏத்திட்டு வந்துட்டான் பாரு” என்றார் வண்டிக்காரர்.

எனக்கு வந்ததே கோபம். “யாரு ஏத்துனா? நீங்க ஊத்திக் குடுத்தீங்களா? ஊதச் சொல்லிப் பாருங்க, வாங்க!” என்று கத்தினேன். பஸ் நிலையமே திரும்பிப் பார்த்தது. அண்ணன் குனிந்து பழத்தைப் பொறுக்கினான். கை நடுங்கியதால் எடுத்தது மறுபடி உருண்டது. “ஏலத்தோட்டத்துல மருந்தடிக்கிறவண்ணே. மருந்து ஏறிருச்சு” என்றான் வண்டிக்காரரிடம். அவர் முகம் உடனே மாறிவிட்டது. “அடடா, முன்னக்கூட்டியே சொல்லப்படாதா? எங்க சின்ன மச்சானும் இப்படித்தான் கெடந்தான். இப்படி ஒக்காருங்க” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு ஒரு பழத்தை அறுத்து மிளகாய்ப்பொடி தூவிக் கொடுத்தார்.

பஸ்சில் ஏறியதும் அண்ணன் சொன்னான். “மருந்துன்னு சொன்னா மதிக்கிறாக பாத்தியா? அப்பாவுக்கு அப்படிச் சொல்லிக்க ஒண்ணுமில்ல.” தேனி வரும் வரை நான் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தேன்.

ஸ்கேன் சென்டரில் என் தொழிலைச் சொன்னதும் அங்கே மிஷின் பார்க்கிற இளைஞர் என்னைத் தன் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டார். அண்ணனின் செப்பு மோதிரம், சாவி எல்லாம் தட்டுக்கு வந்தன. வெள்ளித் தாயத்துக் கோத்த அரைஞாண் மட்டும் வரவில்லை. “அப்பாவுக்குச் செத்தப்பறம்தான் அறுத்தாக” என்றான். அறுக்க வேண்டாம், அவிழ்க்கலாம் என்று மண்டியிட்டு உட்கார்ந்தேன். வியர்வையில் இறுகிக் கல்லாகிவிட்ட முடிச்சு. நகம் பெயர்ந்தாலும் பரவாயில்லை என்று அவிழ்த்தேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் குழாய்க்குள் போனான். முதல் படம் திரையில் விழுந்தது. பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று இப்போதும் நினைக்கிறேன். நல்ல தலையில் சிறுமூளை இறுக்கமான காலிஃப்ளவர் போலத் தெரியும். அண்ணனுடையது வாடிச் சுருங்கி, இதழுக்கு இதழ் இடைவெளி விட்டிருந்தது. மூளைத் தண்டின் நடுவே, இருக்கக்கூடாத இடத்தில், மங்கலாக ஒரு சிலுவைக்குறி. சிறுமூளையைத் தண்டோடு சேர்க்கிற கற்றைகள் இந்தப் படத்தில் கருமையாகத் தெரிய வேண்டும்; வெளுத்திருந்தன. நரம்பு வழியே நீர் ஓடும் திசையை நிறமாகக் காட்டுகிற படத்தையும் எடுக்கச் சொன்னேன். இரண்டு பக்கமும் கட்டை விரல் தடிமனுக்குப் பச்சைப் பட்டை தெரிய வேண்டும். நூல் போல இரண்டு கீற்றுகள்தான் தெரிந்தன.

எந்த வகை என்று ரத்தப் பரிசோதனை சொல்லட்டும், ரிப்போர்ட்டை டாக்டர் எழுதட்டும். இது மருந்து இல்லை. அது எனக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்தில் இருந்த இளைஞர் என்னைப் பார்க்காமல் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தார்.

அண்ணன் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். “மருந்துதான?” என்றான். இல்லை என்று தலையாட்டினேன்.

“தெரியும் ஆத்தா” என்றான் அவன். “அப்பா நடந்த நடை எனக்குத் தெரியாதா? பின்னாலயே நடந்தவன். மருந்துன்னா என்னோட போயிரும். அப்பாவுதுன்னா நம்ம கயலுக்குப் போகும், ஒனக்குப் போகும், யாழினிக்குப் போகும். அதான் மருந்துன்னே வச்சுக்கிட்டேன்.” கயல் அவன் மகள், தேனியில் நர்சிங் படிக்கிறாள். பிறகு முட்டியைத் தட்டிக்கொண்டு, “ம், நீ போ. ஒன் மொறை” என்றான்.

மிஷினைக் கொஞ்ச நேரம் ஆறப்போட வேண்டும், அடுத்த ஆட்கள் காத்திருப்பார்கள், மதியத்துக்கு மேல் வரலாம் என்று எனக்குத் தெரிந்த பொய்யெல்லாம் சொன்னேன். “ஆறவெல்லாம் போட வேண்டாங்க்கா. அடுத்த ஆளு சாயங்காலம்தான்” என்றார் அந்த இளைஞர். அண்ணன் சிரித்துவிட்டான்.

மெட்டியைக் கழற்றினேன். தோடு, வளையல், கடைசியில் தாலிச் சங்கிலி. எங்கள் சென்டரில் போலவே இங்கேயும் அதற்கென்று மஞ்சள் துண்டு கட்டிய கயிறு தயாராக வைத்திருந்தார்கள். எத்தனையோ பெண்களுக்கு நான் எடுத்துக் கொடுத்த கயிறு. என் கழுத்துக்குப் பின்னால் எனக்கே முடிச்சு விழவில்லை. “நான் கட்டக்கூடாதுப்பா, மாப்ள அடிக்க வந்துருவாரு” என்று அண்ணன் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். முடிச்சு ஏன் விழவில்லை என்று யோசிக்காமல் இருக்கப் பார்த்தேன். மறுபடி கட்டினேன். விழுந்தது.

படுத்ததும் தலைக்கு மேல் கூண்டை மாட்டினார்கள். இவ்வளவு நெருக்கம் என்று எனக்குத் தெரியவே தெரியாது. மூச்சு அடைத்தது. ஆளைக் கூப்பிடக் கையில் கொடுத்திருந்த பலூனை அமுக்கிவிட்டேன். இளைஞர் ஓடி வந்தார். “கூட யாராவது நிக்கலாமா தம்பி?” என்று கேட்டேன். நாங்கள் எல்லா நோயாளிகளுக்கும் வேண்டாவெறுப்பாகக் கொடுக்கிற அனுமதி அது. அவர் அண்ணனைப் பார்த்து, உடம்பில் இரும்பு ஒன்றும் இல்லையே என்று கேட்டார். “அரைஞாணே தட்டுல கெடக்கு, இனி என்ன இருக்கு?” என்று சொல்லிக்கொண்டே அவன் சுவரைப் பிடித்துப் பிடித்து உள்ளே வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, என் இடது பாதத்தைப் பற்றிக்கொண்டான். கை சூடாக இருந்தது.

மேடை உள்ளே நகர்ந்தது. கதவு மூடும் சத்தம். பிறகு எனக்கு நன்றாகத் தெரிந்த அந்தத் தட்டல், உள்ளிருந்து கேட்கும்போது முன்பின் தெரியாத சத்தமாக இருந்தது. யாழினியை நினைக்கக்கூடாது என்று நினைத்தேன்.

ஒலிபெருக்கியில் குரல் வந்தது. “அக்கா, காலு ஆடுது. ஆட்டாதீங்க. அசையாம படுங்க.”

பாதத்தில் நடுக்கம் எனக்கும் தெரிந்தது. ஆடியது அண்ணன் கையா, என் காலா என்று தெரியவில்லை. அவன் கையை எடுத்தால் அந்த நிமிடமே தெரிந்துவிடும். எடுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை.